நாளைய நிகழ்ச்சியை இன்றே அறிதல்

புகைவண்டி நிலையத்துக்குச் செல்பவன் நேரசூசியைப் பார்த்துவிட்டே புறப்படுகின்றான். சந்தைக்குச் செல்பவள் வீட்டில் எது உண்டு, எது இல்லை என்று எண்ணிப் பார்த்த பின்னரே பையைக் கையில் எடுக்கின்றாள். பயணமாயினும் கொள்வனவாயினும் முன்னறிவு இன்றேல் காலமும் பணமும் வீணாகும் என்பது எவரும் அறிந்த உண்மை. ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமரும்போது மட்டும் மக்கள் இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகின்றனர். வருவது எதுவோ அதுவே போதும் என்று இருந்துவிடுகின்றனர். மணி இரண்டு கழிந்த பின்னரே, பார்த்தது தாம் விரும்பியதன்று என்பதும், விரும்பியது வேறோர் அலைவரிசையில் வந்து போய்விட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியவருகின்றன.

நூல் ஒன்று அலுமாரியில் காத்திருக்கும். ஓவியம் சுவரிற் காத்திருக்கும். ஒலிபரப்பும் ஒளிபரப்பும் அவ்வாறு காத்திருப்பன அல்ல. குறித்த நாழிகையில் வந்து, குறித்த நாழிகையில் மறைவன. வீட்டிலே பதிவு செய்யும் கருவிகள் பரவுவதற்கு முன்னர், தவறவிட்ட நிகழ்ச்சி பெரும்பாலும் என்றென்றைக்கும் தவறியதே. ஆதலால், நாளை என்ன வரும் என்பதை இன்றே எடுத்துக் கூறும் ஏடு ஒன்று வேண்டியதாயிற்று. அதுவே நிகழ்ச்சி நிரற் சஞ்சிகை. அது தோன்றிய வரலாறும், அதனால் விளைந்த பயனும், அதன் பொருட்டு நிகழ்ந்த வழக்குகளும் சிந்தனைக்கு உரியவை.

இவ்வகைச் சஞ்சிகைகளுள் முதன்மையானது பிரித்தானியாவிலே தோன்றிய ரேடியோ ரைம்ஸ் ஆகும். 1922ஆம் ஆண்டு பிற்பகுதியில் பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி தன் பணியைத் தொடங்கியது. வானொலி வளர்ந்தால் தம் விற்பனை தேய்ந்துவிடுமோ என்று பத்திரிகை உரிமையாளர் அஞ்சினர். வானொலி நிகழ்ச்சி நிரலைத் தம் ஏடுகளில் வெளியிட வேண்டுமாயின், விளம்பரத்துக்குப் பணம் செலுத்துவது போல அதற்கும் பணம் செலுத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் கேட்டனர். கம்பனியின் பொது முகாமையாளராய் இருந்த ஜோன் ரீத் இதற்கு இணங்கவில்லை. பிறர் அச்சிட மறுத்ததைத் தாமே அச்சிடுவது என்று துணிந்தார். 1923 செப்டெம்பர் 28ஆம் நாள், இரண்டு பென்ஸ் விலையில் ரேடியோ ரைம்ஸ் முதலிதழ் வெளிவந்தது. லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்ரர், நியூகாசில், கார்டிஃப், கிளாஸ்கோ ஆகிய ஆறு நிலையங்களின் நிகழ்ச்சிகள் அதிலே இடம்பெற்றன. வானொலியை ஒடுக்க எண்ணியவர் விடுத்த மிரட்டலே, வானொலிக்குச் சொந்தமான ஓர் ஏட்டை உண்டாக்கிற்று.

1936 நவம்பர் 2ஆம் நாள் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பி. பி. சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, தொலைக்காட்சி நிரலும் இச்சஞ்சிகையிற் புகுந்தது. போரின் காரணமாக 1939 செப்டெம்பர் 1ஆம் நாள் அச்சேவை நிறுத்தப்பட்டு, 1946 ஜூன் 7ஆம் நாள் மீண்டும் தொடங்கப்பட்டது. 1955 செப்டெம்பர் 22ஆம் நாள் விளம்பர வருவாயில் இயங்கும் சுயாதீனத் தொலைக்காட்சி லண்டனிலே தோன்றியது. அதனோடு கூடவே ரீ.வி. ரைம்ஸ் என்னும் மற்றொரு சஞ்சிகையும் தோன்றியது. ஜெர்மனியிலே 1946ஆம் ஆண்டு டிசம்பரில் ஆக்ஸெல் ஸ்பிரிங்கர் ஹோர்ட்சு என்னும் நிரற் சஞ்சிகையைத் தொடங்கினார். 'கேள்' என்று பொருள்படும் அப்பெயர் வானொலிக் காலத்தது. தொலைக்காட்சி வந்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கலை வேறொரு வடிவம் பெற்றது. அங்கே நகருக்கு நகர் நிலையங்கள் வேறு; ஒரே நாட்டுக்குள் நேரமும் வேறு. ஆகையால் நாடு முழுவதற்கும் ஒரே நிரல் பொருந்தாது. வோல்ரர் அனன்பேர்க் என்னும் வெளியீட்டாளர், நியூயோர்க், சிக்காகோ, பிலடெல்பியா ஆகிய நகர்களில் நடைபெற்று வந்த உள்ளூர் நிரல் ஏடுகளை விலைக்கு வாங்கி ஒன்றிணைத்து, 1953 ஏப்ரில் 3ஆம் நாள் ரீ.வி. கைட் என்னும் சஞ்சிகையை வெளியிட்டார். விலை 15 சதம். சட்டைப் பைக்குள் அடங்குமளவு சிறியதாக இல்லாவிடினும், கைக்கு அடக்கமான ஏடு அது. புறத்தே வண்ணப் பக்கங்களில் நாடு முழுவதற்கும் பொதுவான கட்டுரைகள். நடுவே அந்தந்தப் பிரதேசத்துக்கு உரிய நிரல். அமெரிக்கர் எங்கே வாழ்ந்தாலும் தம் ஊர்க்குரிய பதிப்பைப் பெற முடிந்தது. 1970களில் அதன் விற்பனை வாரந்தோறும் 2 கோடிப் படிகளை அண்மித்தது.

இத்துணைப் பெருந்தொகையான மக்கள் ஒரு நிரலைப் பணம் கொடுத்து வாங்கியது ஏன்? நேரமும் தலைப்பும் மட்டுமே வேண்டுமெனில் நாளிதழின் ஒரு மூலையே போதுமன்றோ? விடை இதுதான்: நாளிதழ் இன்றைய மாலையைச் சொல்லும், சஞ்சிகை வாரம் முழுவதையும் ஒருங்கே விரித்துக் காட்டும். ஒரு நாளைய நிரலைப் பார்ப்பவன், இருப்பனவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்கிறான். வார நிரலைப் பார்ப்பவனோ, வேண்டியதை வைத்துத் தன் வேலைகளை ஒழுங்கு செய்கிறான். புதன் இரவு நல்லதொரு நாடகம் உண்டு என்று சனிக்கிழமையே அறிந்தவன், உறவினர் வீட்டுக்குச் செல்வதைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்வான். கருவி மனிதனை ஆள்வது போய், மனிதன் கருவியை ஆளும் நிலை அப்பொழுதே உண்டாகின்றது.

இரண்டாவது பயன் விளக்கம். தலைப்பைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியின் தன்மையை அறிதல் அரிது. ஒரு திரைப்படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, நடித்தவர் யாவர், சிறுவர் காணத் தக்கதா, முன்னரே காட்டப்பட்டு மறுமுறை வருவதா என்பனவற்றைச் சஞ்சிகை இரண்டு வரியில் உரைக்கின்றது. இவ்விரண்டு வரிகளை எழுதுதல் எளிய செயலன்று. கதையின் முடிவைச் சொல்லிவிடலாகாது. சுவையைக் காட்டாதும் விடலாகாது. நல்ல சஞ்சிகையில், 'இது நன்று, இது காலத்தை வீணாக்கும்' என்று சொல்லத் தயங்காத திறனாய்வாளரும் இருப்பர்.

மூன்றாவது பயன் இல்லத்தின் அமைதி. ஒரு வீட்டில் ஒரே பெட்டி இருந்த காலத்தில், தந்தைக்குச் செய்தி, தாய்க்கு நாடகம், மகனுக்கு உதைபந்தாட்டம், மகளுக்குப் பாட்டு என்று நால்வர்க்கும் நான்கு விருப்பங்கள் இருந்தன. வார நிரலை நடுவிலே வைத்து, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைப் பேனையால் வட்டமிட்டுக்கொள்ளும் வழக்கம் பிரித்தானியக் குடும்பங்களில் நிலவியது. இரு வட்டங்கள் ஒரே நேரத்தில் மோதினால், அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் இரு வாரங்களுக்குரிய தடித்த சிறப்பிதழ் வாங்குவது அங்கே பண்டிகை ஆயத்தங்களுள் ஒன்றாகவே ஆயிற்று. ரேடியோ ரைம்ஸின் 1988ஆம் ஆண்டு நத்தார் இதழ் 1 கோடி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று.

நான்காவது பயன் செவிப்புலன் குன்றியோர்க்கு உரியது. பி. பி. சி. 1974ஆம் ஆண்டில் சீஃபக்ஸ் என்னும் எழுத்துச் சேவையைத் தொடங்கிய பின்னர், அதன் 888ஆம் பக்கத்தைத் திறந்தால், பேச்சு எழுத்தாகத் திரையின் அடியிலே தோன்றும் வசதி ஏற்பட்டது. ஆயினும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அவ்வசதி தொடக்கத்தில் இருக்கவில்லை. எந்நிகழ்ச்சிக்கு உண்டு என்பதைக் காட்டும் சிறு குறி ஒன்று நிரலிலே சேர்க்கப்பட்டது. கேட்கும் திறன் உள்ளவர் கவனியாது விடும் அந்த ஒற்றைக் குறி, கேளாதார்க்கு அன்று மாலை திறந்த கதவா அடைத்த கதவா என்பதைச் சொல்லிற்று. பின்னர் 1990களில், வீட்டுப் பதிவுக் கருவிக்கான இலக்கங்களும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அருகில் அச்சிடப்பட்டன. நாள், அலைவரிசை, தொடக்க நேரம், நீளம் ஆகிய நான்கையும் அந்த இலக்கத் தொடர் தன்னுள் அடக்கியிருந்தது. அதை அழுத்தினால் கருவி தானே விழித்துப் பதிவு செய்துவிடும்.

பயன் இவ்வாறு பெரிதாயின், அப்பயனை எவர் தம் உடைமையாக்கிக்கொள்வது என்னும் கேள்வி எழுதல் இயல்பே. நிரலின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இதுதான். 1926ஆம் ஆண்டிலேயே, தன் நிகழ்ச்சி நிரலைப் பிரசுரித்த வேறொரு வானொலி ஏட்டின் மீது பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி வழக்குத் தொடுத்தது. நிரல் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னர், நிரலை அச்சிடப் பணம் கேட்டவர் பத்திரிகையாளர். இப்பொழுது, அச்சிடலாகாது என்று தடுத்தவர் ஒலிபரப்பாளர்.

தொலைக்காட்சி பரவிய பின் இதன் விளைவு பார்வையாளர் மீதே விழுந்தது. நாளிதழ்கள் அன்றைய நிரலை வெளியிட அனுமதி பெற்றிருந்தன. வார இறுதியிலும் விடுமுறையிலும் இரண்டு நாள் நிரலை வெளியிடலாம். வாரம் முழுவதற்குமான நிரலோ உரிமையாளர் கையிலேயே இருந்தது. பி. பி. சி. நிகழ்ச்சிகளை அறிய ரேடியோ ரைம்ஸ், சுயாதீனத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அறிய ரீ.வி. ரைம்ஸ் என்று பிரித்தானியப் பார்வையாளர் இரண்டு சஞ்சிகைகள் வாங்க வேண்டியிருந்தது. லண்டனிலே ரைம் அவுட் என்னும் ஏடு இத்தடையை மீற முயன்று, 1980களின் முற்பகுதியில் நீதிமன்றத்திலே தோல்வியுற்றது.

அயர்லாந்தில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே பெரும்பாலான வீடுகளில் அயர்லாந்து அலைவரிசைகளோடு பிரித்தானிய அலைவரிசைகளும் தெரிந்தன. வார நிரல் முழுவதையும் அறிய விரும்பிய ஒரு குடும்பம், அயர்லாந்தின் ஆர்.ரீ.ஈ. கைட் உட்பட மூன்று சஞ்சிகைகள் வாங்க வேண்டும். மகில் என்னும் வெளியீட்டாளர், எல்லா அலைவரிசைகளின் வார நிரலையும் ஒரே ஏட்டில் தர முற்பட்டனர். 1986ஆம் ஆண்டில் ஒலிபரப்பாளர்கள் பதிப்புரிமையைக் காட்டி அயர்லாந்து நீதிமன்றத்திலே தடை பெற்றனர். மகில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 1988 டிசம்பர் 21ஆம் நாள் ஆணைக்குழு மகிலின் பக்கம் முடிவு செய்தது. ஒலிபரப்பாளர் இருவர் மேன்முறையீடு செய்தனர். இறுதியில், 1995 ஏப்ரில் 6ஆம் நாள், ஐரோப்பிய நீதிமன்றம் அம்முடிவை உறுதி செய்தது. மக்கள் விரும்பக்கூடிய புதிய பொருள் ஒன்றைத் தாமும் ஆக்காது, பிறரையும் ஆக்கவிடாது தடுத்தல், மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தலாகும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதற்கிடையில் பிரித்தானியப் பாராளுமன்றம் 1990ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டத்தின் மூலம், நிகழ்ச்சி விபரங்களை முன்கூட்டியே பிறருக்கு வழங்க வேண்டும் என்று விதித்தது. 1991 மார்ச் 1ஆம் நாள் முதல் எவரும் எல்லா நிரலையும் வெளியிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று. அவ்வாண்டே புதிய சஞ்சிகைகள் தோன்றின. பழைய இரண்டும் எல்லா அலைவரிசைகளையும் தம் பக்கங்களிற் சேர்த்துக்கொண்டன. இரண்டுக்கு ஒன்றாக வாங்கி, எல்லாவற்றையும் ஒருங்கே ஒப்புநோக்கும் உரிமையைப் பார்வையாளர் பெற்றார். வெறும் நேரப் பட்டியல் பற்றி இத்தனை வழக்குகளா என்று சிலர் வியக்கலாம். ஒரு கடைக்காரன் தன் கடைப் பொருள்களை மட்டும் காட்டி, அடுத்த கடையை மறைத்துவிடுவானாயின், வாங்குவோனுக்குத் தெரிவு ஏது? ஒப்பிட முடியாத இடத்தில் தெரிவு என்பது பெயரளவிலேயே உண்டு.

இச்சஞ்சிகைகளுக்குக் குறைகளும் உண்டு. புகழ்பெற்ற நடிகரின் படம் அட்டையை நிரப்ப, சிறந்த விவரணப் படம் ஒன்று உள்ளே ஒரு வரியாகச் சுருங்கிக் கிடக்கும். அச்சேறிய பின்னர் நிகழும் மாற்றங்களை அது அறியாது. ஒரு பெருந்தலைவர் மறைந்தாலோ, போர் மூண்டாலோ, அச்சிட்ட நிரல் பயனற்றதாகிவிடும். 1939 செப்டெம்பர் 1ஆம் நாள் சேவை நிறுத்தப்பட்டபோது, அன்றிரவும் மறுநாளும் காட்டுவதற்கென அச்சாகியிருந்த நிகழ்ச்சிகள் காகிதத்தோடு நின்றுவிட்டன.

ஆயினும் அச்சிட்ட நிரலே பிற்காலத்தார்க்குச் சான்றாகவும் ஆகின்றது. தொடக்ககாலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல நேரடியாக ஒளிபரப்பாகி மறைந்தவை. பதிவு செய்யப்பட்டவற்றிலும் பல, நாடாவை மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு அழிக்கப்பட்டன. அவற்றின் பெயரும் நாளும் நடித்தவர் பெயரும் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நிரற் சஞ்சிகையிலேயே. பி. பி. சி. 2014ஆம் ஆண்டில், 1923 முதல் 2009 வரையிலான ரேடியோ ரைம்ஸ் நிரல்களைக் கணினியிலே தொகுத்து எவரும் தேடிப் பார்க்க வழி செய்தது. 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. ஒரு வாரம் பயன்பட்டுப் பழைய கடதாசிக் கட்டில் சேரவேண்டிய ஏடு, ஒரு நூற்றாண்டின் நாட்குறிப்பாக மாறிற்று.

அலைவரிசைகள் நூற்றுக்கணக்கிற் பெருகியபோது சஞ்சிகையின் நிலை தளர்ந்தது. அத்தனையையும் அச்சிடத் தாள் போதாது. அமெரிக்க ரீ.வி. கைட் 2005ஆம் ஆண்டில் தன் உள்ளூர்ப் பதிப்புகள் அனைத்தையும் கைவிட்டு, கட்டுரைகள் நிறைந்த பெரிய ஏடாக மாறியது. 2011ஆம் ஆண்டில் பி. பி. சி. ரேடியோ ரைம்ஸைத் தனியார்க்கு விற்றது. எனினும் அச்சஞ்சிகை 2023ஆம் ஆண்டில் நூறாண்டு நிறைவு கண்டது. இன்று நிரல் திரையிலேயே தோன்றுகின்றது. வேண்டியபோது வேண்டியதைப் பார்க்கும் இணையவழிச் சேவைகளும் பெருகியுள்ளன. அப்படியாயின் நிரற் சஞ்சிகையின் வேலை முடிந்ததா?

ஒரு வேறுபாட்டை இங்கே கவனித்தல் வேண்டும். பழைய நிரல் எல்லோர்க்கும் ஒரே பட்டியலைக் காட்டியது. ஒருவன் தான் தேடாத ஒன்றையும் அதிலே தற்செயலாகக் கண்டான். உதைபந்தாட்டம் தேடியவன் பக்கத்திலேயே கடல்வாழ் உயிரினம் பற்றிய நிகழ்ச்சியைக் கண்டு வியந்தான். இன்றைய சேவைகளோ, ஒருவன் நேற்றுப் பார்த்ததைக் கணக்கிட்டு, அதைப் போன்றதையே இன்று முன்வைக்கின்றன. முன்வைப்பதும் பெரும்பாலும் தம் களஞ்சியத்தில் உள்ளதையே. ஒவ்வொரு சேவையும் தன் பொருளை மட்டும் காட்டும் பழைய நிலை, புதிய உருவில் மீண்டு வந்துள்ளது. எல்லாக் கடைகளையும் ஒருங்கே காட்டி, 'இது பார்க்கத் தக்கது, இது அன்று' என்று நடுநிலையில் கூறும் ஒருவரின் தேவை இன்று குறையவில்லை, கூடியிருக்கின்றது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி தோன்றி, 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கியது. அலைவரிசைகள் சிலவாக இருந்தபோது தெரிவும் சிறிதே. அவை பலவாகிவிட்ட இன்று, வீட்டின் மாலைப் பொழுது எவ்வாறு கழிகின்றது என்பது, நிரலை முன்னரே பார்ப்பதா பாராது விடுவதா என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. அச்சில் வரும் நிரலாயினும் திரையில் வரும் நிரலாயினும், வாரத்தில் ஒருமுறை குடும்பத்தார் ஒன்றாக இருந்து அதனை நோக்கின், வேண்டியவை இரண்டோ மூன்றோ புலப்படும். அவற்றைக் குறித்துக்கொள்ளலாம். அதனினும் பெரிய பயன் ஒன்றும் அப்பொழுது கிட்டும்: குறிப்பிடாத நாழிகைகள் எத்தனை என்பதும் தெரியவரும். அந்நாழிகைகளிற் பெட்டியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசியிருக்கலாம். ஒரு நூலை எடுத்துப் படிக்கலாம். அயலாரைக் கண்டு வரலாம். எதைப் பார்ப்பது என்று சொல்லும் நிரல், எப்பொழுது பார்க்க வேண்டியதில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுகின்றது.